பிறக்காமல் போனவர்களின் கணக்கு: தாது வருஷப் பஞ்சமும் பெண்ணின் சாப்பாட்டுத் தட்டும்

நீளமான இழை இது. டீயோ காபியோ கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படிங்க.

1/
இரண்டு எண்களில் இருந்து ஆரம்பிப்போம்.
1871 கணக்கெடுப்பில் புதுக்கோட்டை சமஸ்தானத்தின் மக்கள்தொகை 3,16,695.
1881 கணக்கெடுப்பில் 3,02,127.
பத்து வருஷத்தில் கூடியிருக்க வேண்டிய ஜனத்தொகை 14,500க்கும் மேல் குறைந்திருக்கிறது.

2/
நடுவில் வந்தது தாது வருஷம். 1876இல் தென்மேற்குப் பருவமழையும் பொய்த்தது, வடகிழக்கும் பொய்த்தது. காவிரிப் பாசனம் இல்லாத, கண்மாய்த் தண்ணீரை நம்பியே பிழைத்த புதுக்கோட்டை மாதிரி பூமிக்கு வடகிழக்குப் பருவமழைதான் உயிர். அது இல்லையென்றால் கண்மாய் இல்லை. கண்மாய் இல்லையென்றால் நெல்லும் இல்லை, வரகும் இல்லை. 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள், மிகக் குறைவாக மதிப்பிட்டாலே 50 லட்சத்துக்கும் மேல்.

3/
சரி, குறைந்த அந்த ஜனங்கள் எங்கே போனாங்க?
ஒரு பகுதி செத்துப்போனாங்க. பட்டினியில் கொஞ்சம் பேர், காலராவிலும் காய்ச்சலிலும் அதைவிட அதிகம் பேர்.
ஒரு பகுதி ஊரைவிட்டுப் போனாங்க. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன வழி இந்தச் சீமைக்காரங்களுக்குப் பழகின வழிதான்.
மூன்றாவதாக ஒரு பகுதி இருக்கு. அவங்க பிறக்கவே இல்லை.

4/
செத்தவருக்கு ஒரு பெயர் இருக்கும். ஊரைவிட்டுப் போனவருக்கு ஒரு திண்ணை காத்திருக்கும். பிறக்காமல் போன குழந்தைக்கு எதுவும் கிடையாது. அந்தக் குழந்தையைச் சுமந்திருக்க வேண்டிய பெண்ணுக்கு மட்டும் ஊர் ஒரு பெயர் வைத்தது. என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும்.
அந்தப் பெயர் எவ்வளவு அநியாயமானது என்பதற்கான சாட்சியங்கள்தான் இந்த இழை.

5/
முதலில் அந்தக் காலத்து நிவாரண முகாம். வைஸ்ராய் லிட்டன் தன் பிரதிநிதியாக சர் ரிச்சர்ட் டெம்பிள் என்பவரை 1877 ஜனவரியில் சென்னை மாகாணத்துக்கு அனுப்புகிறார். செலவைக் குறைக்க வேண்டும் என்பதுதான் உத்தரவு. டெம்பிள் போட்ட திட்டம்: நிவாரண வேலை பார்க்கும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், கூடக் கொஞ்சம் காசு. பெண்ணுக்கும் வேலை செய்யும் பிள்ளைக்கும் அதைவிடக் குறைவு.

6/
ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். அரிசியாகக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 1,550 கலோரி.
வேலை என்ன? மண் வெட்டுவது, கல் உடைப்பது, கூடை சுமப்பது. இன்றைய ஐசிஎம்ஆர் கணக்குப்படி கடின உழைப்புக்கு ஆணுக்குச் சுமார் 3,470 கலோரி வேண்டும், பெண்ணுக்குச் சுமார் 2,720.
தேவையில் பாதிதான் தட்டில். மீதியை உடம்பு தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்ளணும். முதலில் கொழுப்பு கரையும், பிறகு தசை.

7/
இதை எதிர்த்தவர் ஒரு மருத்துவர்: வில்லியம் ராபர்ட் கார்னிஷ், சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர். 1871 கணக்கெடுப்பின் மாகாண அறிக்கையை எழுதியவரும் இவரே. ஒன்றரை பவுண்டு தானியமாவது வேண்டும், வெறும் தானியம் போதாது, பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். 1877 மார்ச்சில் மாகாண அரசு பாதி வழி இறங்கி வந்தது: ஒன்றேகால் பவுண்டு தானியம், கூட 43 கிராம் பருப்பு.
அந்த ஒரு கைப்பிடிப் பருப்புக்கே ஒரு சண்டை தேவைப்பட்டிருக்கு.

8/
அப்போது சென்னை மாகாணத்தில் பிறப்பு, இறப்புப் பதிவு இருந்தது. குறைபாடுள்ள பதிவுதான், ஆனாலும் மாதாமாதம் எழுதி வைத்தாங்க. நூறு வருஷம் கழித்து டிம் டைசன் என்ற மக்கள்தொகை ஆய்வாளர், 19ஆம் நூற்றாண்டு இந்தியப் பஞ்சங்களின் இப்படிப்பட்ட பதிவுகளை எடுத்து அலசி 1991இல் வெளியிட்டார்.
அதில் ஒரே மாதிரியான ஒரு கோலம் தெரிந்தது. இறப்பு உச்சத்தைத் தொட்டு, சுமார் ஒன்பது மாதம் கழித்துப் பிறப்பு அடிமட்டத்துக்குப் போகிறது.

9/
ஒன்பது மாதம். கணக்கு புரியுதா? சாவு உச்சத்தில் இருந்த அந்த நாட்களில் புதுசாகக் கரு தரிப்பது ஏறக்குறைய நின்றே போயிருக்கு. இன்னொன்று: இறப்பு ஏறுவதற்கு முன்னாலேயே கரு தரிப்பது குறைய ஆரம்பித்துவிடுகிறது. ஊர் சாகத் தொடங்கும் முன்பே பெண்ணின் உடம்பு எச்சரிக்கை மணி அடிச்சிருக்கு.

10/
நியாயமான கேள்வி ஒன்று வரும். "டாக்டர், பஞ்ச காலத்தில் புருஷன் பிழைப்புக்கு ஊரைவிட்டுப் போயிருப்பான், கல்யாணங்கள் தள்ளிப் போயிருக்கும், மலேரியாவில் கரு கலைந்திருக்கும். எல்லாத்தையும் சாப்பாட்டின் தலையில் கட்டலாமா?"
கட்டக்கூடாது. இவை எல்லாமே சேர்ந்துதான் வேலை செய்தன. சாப்பாட்டின் பங்கை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்க்க, அளவுகள் சரியாகப் பதிவான இன்னொரு பஞ்சம் வேண்டும். அது 1944இல் ஐரோப்பாவில் வந்தது.

11/
இரண்டாம் உலகப் போர். நெதர்லாந்தின் மேற்குப் பகுதி நகரங்களுக்கு உணவு போகாமல் ஜெர்மன் படை தடுத்தது. 1944 குளிர்காலத்தில் ஆரம்பித்து 1945 மே மாதம் விடுதலை வரை நீடித்த அதைப் 'பட்டினிக் குளிர்காலம்' என்றே சொல்றாங்க. ஆளுக்கு இவ்வளவு என்று கொடுத்த ரேஷன் ஒரு நாளைக்கு 1,000 கலோரிக்கும் கீழே போனது. ஆனால் ரேஷன் கணக்கும் பிறப்புக் கணக்கும் பிசகாமல் எழுதப்பட்டன.

12/
ஜீனா ஸ்டெய்ன், மெர்வின் சஸ்ஸர் என்ற மருத்துவத் தம்பதி 1970களில் அந்த ஏடுகளைப் புரட்டினாங்க. ரேஷன் குறைந்து ஒன்பது மாதம் கழித்துப் பிறப்பும் குறைந்திருக்கு. மிக மோசமான மாதங்களில் கருவானவர்களின் எண்ணிக்கை வழக்கத்தில் பாதிதான். நிறைய பெண்களுக்கு மாதவிடாயே நின்றிருக்கு. விடுதலைக்குப் பிறகு சாப்பாடு வந்ததும் எண்ணிக்கை மறுபடி ஏறிவிட்டது.
உடலுழைப்புக் குடும்பங்களில்தான் சரிவு அதிகம். பணம் இருந்தவர்கள் கள்ளச் சந்தையில் வாங்கித் தின்றிருப்பாங்க. எந்த நாட்டிலும் இதுதானே கதை.

13/
உடம்புக்குள் என்ன நடக்குது? ஒரு கர்ப்பத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை நடத்திக் கொடுக்க சுமார் 80,000 கலோரி கூடுதலாகத் தேவை என்பது மருத்துவ மதிப்பீடு. பிறகு பால் கொடுக்க தினமும் 500, 600 கலோரி. ஒரு பெண்ணின் உடம்பு எடுக்கும் மிகப் பெரிய செலவு இதுதான். கையிருப்பு இல்லாமல் யாராவது வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டுவாங்களா?

14/
கையிருப்பைப் பார்க்கும் இடம் மூளையின் அடியில் இருக்கு. பெயர் ஹைப்போதலாமஸ். ஒன்று, ஒன்றரை மணிக்கு ஒருமுறை அங்கிருந்து ஒரு ஹார்மோன் துடிப்பு கிளம்பும். அது பிட்யூட்டரிக்குப் போய், அங்கிருந்து சினைப்பைக்குச் செய்தி போகும், முட்டை முதிர்ந்து வெளியே வரும். சாப்பாடு போதவில்லை என்று தெரிந்தால் அந்தத் துடிப்பு மெதுவாகும். முட்டை வெளியாகாது. கடைசியில் மாதவிடாயும் நிற்கும்.

15/
சாப்பாடு போதவில்லை என்று மூளைக்கு யார் சொல்வது? 1974இல் அமெரிக்காவின் ரோஸ் ஃபிரிஷ், ஜேனட் மெக்ஆர்தர் இருவரும் ஒரு கருத்தை வைத்தாங்க: வயதுக்கு வர உடல் எடையில் குறைந்தது 17 சதவீதமும், மாதவிடாய் ஒழுங்காகத் தொடர 22 சதவீதமும் கொழுப்பு வேண்டும். அந்த எண்கள் அப்படியே எல்லாருக்கும் பொருந்தாது என்று பின்னால் விவாதம் வந்தது. ஆனால் திசை சரிதான். 1994இல் லெப்டின் கண்டுபிடிக்கப்பட்டது. கொழுப்புத் திசுவே மூளைக்கு அனுப்பும் கடிதம் அது: "கையிருப்பு இருக்கு, தொடரலாம்."

16/
ஆக, தாது வருஷத்தில் கரு தரிக்காத பெண்ணிடம் எந்தக் குறையும் இல்லை. அவள் உடம்பு செய்தது சரியான கணக்கு. இந்தப் பஞ்சத்தில் ஒரு கர்ப்பம் வந்தால் தாயும் பிழைக்க மாட்டாள், பிள்ளையும் பிழைக்காது என்று உடம்புக்குத் தெரிந்திருக்கு. ஊருக்குத்தான் தெரியவில்லை.

17/
இங்கே இன்னொரு கேள்வி கேட்பீங்க. "அப்படின்னா கஞ்சி குடிச்ச எங்க அப்பத்தா எப்படி எட்டுப் பிள்ளை பெத்தாங்க?"
நல்ல கேள்வி. 1980இல் ஜான் பொங்கார்ட்ஸ் என்ற ஆய்வாளர் உலகம் முழுக்க இருந்த தரவுகளைத் தொகுத்துச் சொன்னது இது: கடும் பட்டினி கருத்தரிப்பை நிறுத்தும். ஆனால் வருஷக் கணக்கில் இருக்கும் மிதமான சத்துக்குறைவு கருத்தரிப்பை அவ்வளவாகக் குறைப்பதில்லை.

18/
அப்பத்தாவின் உடம்பு கருவை ஏற்றுக்கொண்டது. விலையைத் தன் ரத்தத்தில் இருந்து கொடுத்தது. எட்டுப் பெற்றவர்களில் எத்தனை பேருக்கு எட்டும் தங்கின? பிரசவத்தில் போன பெரியம்மா, சின்னம்மா கதை இல்லாத குடும்பம் உண்டா? பழைய தலைமுறைக்கு நிறைய பிள்ளை பிறந்தது என்பதால் பழைய சாப்பாடு போதுமானதாக இருந்தது என்று ஆகிவிடாது.

19/
அந்த ரத்தக் கணக்கைத் திறந்து பார்த்தவர் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர். 1928இல் பம்பாய் வந்தார். அங்கே பஞ்சாலைத் தொழிலாளிப் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் ஒரு கொடிய ரத்தசோகை வந்துகொண்டிருந்தது. பிறகு நம்ம நீலகிரிக்கு வந்து குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்தார். சென்னையில் கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்தார். இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று நாம் சொல்வது அதைத்தான்.

20/
கிருமியா, நஞ்சா என்று தேடி, கடைசியில் சாப்பாட்டுக்கு வந்து சேர்ந்தார். ஏழைப் பெண்கள் சாப்பிடும் அதே உணவை விலங்குகளுக்குக் கொடுத்து ரத்தசோகையை வரவழைத்தார். பிறகு மார்மைட் கொடுத்தார். பீர் தயாரிப்பில் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து செய்யும் மலிவான சாறு அது. ரத்தம் ஊறியது. கர்ப்பிணிகளுக்கும் ஊறியது. 1931இல் அந்த முடிவுகளை வெளியிட்டார்.
அதற்குள் இருந்த பொருள்தான் ஃபோலேட். 1941இல் பசலைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்தாங்க, 1945இல் செயற்கையாகத் தயாரித்தாங்க. இன்று ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் கொடுக்கும் ஃபோலிக் ஆசிட் மாத்திரைக்குப் பின்னால் குன்னூரும் திருவல்லிக்கேணியும் இருக்கு.

21/
கதை அங்கே முடியலை. 1991இல் பிரிட்டனில் ஒரு பெரிய ஆய்வு முடிவு வந்தது. முதுகெலும்பு, மூளைக் குறைபாட்டோடு ஏற்கெனவே குழந்தை பெற்ற பெண்கள், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ஃபோலிக் ஆசிட் எடுத்தால் அந்தக் குறைபாடு மறுபடி வருவது 72 சதவீதம் குறைகிறது.
கவனிங்க, 'கர்ப்பத்துக்கு முன்பிருந்தே.' குழந்தையின் நரம்புக் குழாய், கருவாகி 28 நாளுக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போச்சே என்று டெஸ்ட் பண்ணும்போது அந்த வேலை பாதி முடிந்திருக்கும். அதனால்தான் குழந்தைக்கு முயற்சி ஆரம்பிக்கும்போதே தினம் 400 மைக்ரோகிராம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

22/
இப்போ மறுபடி புதுக்கோட்டை. தாது வருஷம் முடிந்து எட்டு, ஒன்பது வருஷத்தில், 1886 ஜூலை 30 அன்று இந்த ஊரில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவர் முத்துலட்சுமி ரெட்டி. ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் எதிர்ப்புகளை மீறி மன்னர் அனுமதியோடு படித்தார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சட்டமன்றத்துக்குப் போனார், அவ்வை இல்லம் தொடங்கினார், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை உருவாக்கினார். 1968இல் காலமானார்.

23/
அவர் பெயரில்தான் 1987இல் தமிழக அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் வந்தது. சில நூறு ரூபாயில் ஆரம்பித்தது. 2006இல் 6,000 ரூபாய், 2011இல் 12,000, 2018இல் 18,000. அந்த 18,000இல் 14,000 பணமாக, 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகமாக.
ஒரு பவுண்டு தானியத்துக்குப் பேரம் பேசிய அரசு எங்கே, கர்ப்பிணி வீட்டுக்குச் சத்துப் பெட்டகம் கொடுக்கும் அரசு எங்கே! இந்த மாற்றத்தைச் சாதாரணமாக எடுத்துக்காதீங்க.

24/
ஆனால் ஓர் இடைவெளி இருக்கு. பெட்டகம் வருவது கர்ப்பம் ஆன பிறகு. தாது வருஷமும், நெதர்லாந்தும், ஃபோலேட்டும் நமக்குச் சொல்வது ஒன்றே: பெண்ணின் சாப்பாடு கர்ப்பத்துக்கு முன்னாலேயே கணக்கில் வருகிறது. நம்ம வீட்டிலும் அதே கதைதான். "மாசமா இருக்கா, நல்லா சாப்பிடட்டும்" என்று முட்டையும் மீனும் தட்டுக்கு வருவது அப்போதுதான். அதுவரை எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சினதுதான் அவளுக்கு.

25/
தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, 2019–21. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் 53.4 சதவீதம். அதே கணக்கெடுப்பில் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ள பெண்கள் 40.4 சதவீதம். எடை குறைவானவர்கள் 12.6 சதவீதம்.
இரும்புச்சத்துக்குப் பஞ்சம், மாவுச்சத்துக்கு மழை. இதுதான் இன்றைய தட்டு.

26/
கையிருப்பு இல்லாவிட்டால் கரு தரிக்காது, சரி. அளவுக்கு மீறி இருந்தால்? அப்போதும் சிக்கல்தான். எடை கூடும்போது இன்சுலின் சரியாக வேலை செய்யாது. உடம்பு இன்னும் அதிக இன்சுலினைச் சுரக்கும். அது சினைப்பையில் ஆண் ஹார்மோனைக் கூட்டிவிடும், முட்டை முதிராமல் நின்றுபோகும். 1935இல் சிகாகோவில் ஸ்டெய்ன், லெவந்தால் என்ற இரு மருத்துவர்கள் விவரித்த பிசிஓஎஸ் இதுதான். எடை கூடிய பலருக்கு 5 முதல் 10 சதவீதம் எடை குறைந்தாலே மாதவிடாய் ஒழுங்காகிவிடுகிறது. 80 கிலோ இருப்பவர் 50க்கு வர வேண்டாம். 4 முதல் 8 கிலோ போதும்.

27/
இதைக் கேட்டதும் சிலர் அடுத்த எல்லைக்குப் போறாங்க. ஒருவேளைச் சாப்பாடு, அதுவும் ஜூஸ், கூடவே ரெண்டு மணி நேரம் ஜிம். மூணு மாசத்தில் 15 கிலோ. பிறகு மாதவிடாய் நின்றுபோய் வருவாங்க.
ஹைப்போதலாமஸுக்கு இன்ஸ்டாகிராம் தெரியாது. தட்டில் 800 கலோரி வந்தால் அது தாது வருஷம் என்றுதான் நினைக்கும்.

28/
எதைச் சாப்பிடலாம்? அமெரிக்காவில் 17,000க்கும் மேற்பட்ட செவிலியர்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்து, 2007இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் வெளியிட்டது: டிரான்ஸ் கொழுப்பு குறைவு, பருப்பு-பயறு வகைப் புரதம் கூடுதல், சர்க்கரையைச் சட்டென ஏற்றாத தானியம், இரும்புச்சத்து, ஃபோலிக் ஆசிட் உள்ள வைட்டமின் மாத்திரை. இப்படி இருந்தவர்களுக்கு முட்டை வெளியாகாததால் வரும் குழந்தையின்மை குறைவு. இது கவனித்துப் பார்த்த ஆய்வு, இதைச் சாப்பிட்டால் குழந்தை உறுதி என்ற அர்த்தமில்லை. குழாய் அடைப்பை எந்தச் சாப்பாடும் திறக்காது.

29/
இதற்காக வெளிநாட்டு விதைகள் தேட வேண்டாம். கேழ்வரகு, வரகு, பாசிப்பயறு, ஆலங்குடிப் பக்கத்து நிலக்கடலை, கொல்லை முருங்கைக் கீரை, முட்டை, கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் கரை சேரும் மத்தி மீன். சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் பயறும் காயும் மீனும் வரட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீங்க, உணவில் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்வதை அது குறைக்கும். டால்டாவில் பொரித்த கடைப் பலகாரத்தைக் குறைங்க.

30/
'கர்ப்பப்பையைச் சுத்தப்படுத்தும்', '48 நாளில் கரு தங்கும்' என்று விற்கும் பொடிகளுக்கு ஆயிரக்கணக்கில் கொட்டாதீங்க. அந்தப் பணத்தில் ஒரு வருஷத்துக்கு முட்டை வாங்கலாம். ஒரு வருஷம் முயற்சி செய்தும் தங்கவில்லை என்றால், பெண்ணுக்கு 35 வயதைத் தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே, மருத்துவரைப் பாருங்க. இரண்டு பேரும் சேர்ந்து போங்க. குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதியில் ஆண் பக்கக் காரணமும் இருக்கு. விந்துப் பரிசோதனை எளிது, செலவும் குறைவு. அதைச் செய்யாமலே மனைவிக்கு ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுக்கும் குடும்பங்கள் இன்னும் நிறைய.

31/
1881க்கும் 1891க்கும் இடையில் புதுக்கோட்டையின் ஜனத்தொகை 3,02,127இல் இருந்து 3,73,096 ஆனது. போனவர்களில் சிலர் திரும்பி வந்திருப்பாங்க. ஆனால் பஞ்சம் ஓய்ந்ததும் பிறப்பு மேலேறுவதை எல்லாப் பஞ்சங்களிலும் பார்க்கிறோம். யாரையெல்லாம் ஊர் குறை சொல்லியிருக்குமோ, அவர்களில் பலர் வீட்டில் தொட்டில் கட்டியிருப்பாங்க. நடுவில் மாறியது மழையும் சாப்பாடும்தான்.

32/
இதைப் படிக்கும் மாமியார்களுக்கும் கணவன்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். இன்று ராத்திரி சாப்பாட்டை எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்க. வீட்டுப் பெண்ணின் தட்டில் என்ன இருக்கு என்று ஒருமுறை பாருங்க. கல்யாண வயதில் மகள் இருந்தால் அவளுக்கு ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பரிசோதித்து வையுங்க. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்ப்பாங்க.

யாருக்காவது பயன்படும் என்று தோன்றினால் பகிருங்க.